ஒரே 'ஓபன்', ஸ்பானியத்தில் ஐந்து வடிவம்: குறிப்பா, சூழலா, தனிச் சாவியா?

மென்பொருளை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகும்போது முதலில் மாட்டுவது 'ஓபன்' மாதிரி குட்டிச் சொற்கள்தான். பொத்தானில் அது வினை, 'அப்ரிர்'. நிலையைச் சொல்லும் இடத்தில் பெயரடை. எதைப் பற்றிய நிலையோ அதன் பாலையும் எண்ணையும் பார்த்து அபியெர்த்தோ, அபியெர்த்தா, அபியெர்த்தோஸ், அபியெர்த்தாஸ் என்று மாறும். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பிலோ ஒரே ஆங்கிலச் சரம் (திரையில் வரும் எழுத்துத் தொடர்) பத்து இடத்தில் வந்தாலும், மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பில் ஒரே பதிவுதான்.

மொழிபெயர்ப்பாளருக்குக் குறிப்பு எழுதி வைப்பது எளிது, ஆனால் பதிவு பிரியாது. இரண்டு இடத்துக்கு எழுதிய குறிப்பும் ஒரே பதிவின் தலையில் ஏறும். விடை ஒன்றுதான் எழுத முடியும். இதை விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி சூழல் குறிச்சொல்லுக்கும் தனிச் சாவிக்கும் இடையில்தான். சூழல் என்பது ஆங்கிலச் சரத்தோடு, அது எந்தப் பொருளில் வருகிறது என்று சேர்த்து எழுதும் சொல். சாவி என்பது ஆங்கிலத்துக்குப் பதிலாக ஒவ்வொரு இடத்துக்கும் வைக்கும் அடையாளப் பெயர். இரண்டுமே பதிவைச் சரியாகப் பிரிக்கும். என் ஓட்டு சூழலுக்கு. காரணம் பராமரிப்பு.

சாவி முறையில் ஒரு பொத்தானின் ஆங்கிலம் 'ஆர்க்கைவ்' என்பதிலிருந்து 'டெலீட்' ஆகிறது என்று வையுங்கள். சாவி மாறவில்லை, ஆகவே ஸ்பானியத்தில் 'அர்ச்சிவார்' அப்படியே நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. காப்பகத்தில் போடுகிறோம் என்று நம்பி அழுத்தியவரின் கோப்பு அழிந்துபோகும். கெட்டெக்ஸ்டில் மொழிபெயர்ப்பைத் தேடி எடுக்கும்போது ஆங்கிலச் சரமே தேடலின் பகுதி. சரம் மாறினால், புதுச் சரங்களைப் பழைய பிஓ கோப்போடு சேர்க்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் என்ற கருவி அந்தப் பதிவைக் காலியாக விடும், அல்லது பழைய விடையைப் போட்டு 'ஃபஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கும். ஃபஸி பதிவுகளை, மென்பொருள் படிக்கும் கோப்பை உருவாக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி இயல்பாகவே சேர்க்காது. திரையில் ஆங்கிலம் தெரியும். தவறான ஸ்பானியத்தைவிட அது எவ்வளவோ மேல். மொழிபெயர்ப்புத் தளம் வழியாகப் போகும் பெரிய திட்டங்களில் மூலம் மாறியதைத் தளமே காட்டிக்கொடுக்கலாம். அங்கே இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

சூழலிலும் கவனம் வேண்டும். 'பெயரடை' என்று மட்டும் எழுதினால் போதாது, பெயர்ச்சொல்லைச் சொல்லுங்கள். 'இன்சிதென்சியா' (சிக்கல் பதிவு) பெண்பால், அதற்கு அபியெர்த்தா. 'அர்ச்சிவோ' (கோப்பு) ஆண்பால், அதற்கு அபியெர்த்தோ. வடிகட்டியில் பன்மை வந்தால் அதற்கும் தனிச் சூழல். சூழலும் தேடலின் பகுதி என்பதால், பிறகு அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட பழைய பதிவு பொருந்தாமல் போகும். காலிச் சூழலும் சூழல் இல்லாததும் ஒன்றல்ல. சூழலோடு சரத்தைத் தேட சொந்தப் பெயரில் சுருக்கச் சார்பு (ஃபங்ஷன்) வைத்திருந்தால், முதல் உள்ளீடு சூழல், இரண்டாவது சரம் என்று, நிரலிலிருந்து சரங்களை எடுக்கும் எக்ஸ்கெட்டெக்ஸ்டுக்குச் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் இரண்டும் கோப்பில் சரியாக ஏறாது. பைத்தானில் இதற்கான சார்பு நிலையான நூலகத்துக்கு வந்தது 3.8-இல்தான்.

ஆண்ட்ராய்டின் வழக்கமான சரக் கோப்பு சாவி முறைதான், அங்கே தேர்வு கிடையாது. பொருள் மாறும்போது ஆங்கிலத்தை மட்டும் திருத்தாமல் சாவியின் பெயரையே மாற்றுங்கள். புதுச் சாவிக்கு ஸ்பானியம் இருக்காது. இயல்புக் கோப்பிலுள்ள ஆங்கிலம் திரைக்கு வரும்.