நிக்கோன் டி7000, ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ்: மலைநாட்டு ரோட்டில் ஆறு வருடம்

இந்த ஜோடி என் கைக்கு வந்தபோதே பழசு. டி7000 வெளிவந்தது 2010-ல். நான் கொழும்பில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது 2019-ல். கூடவே 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். ஸூம் லென்ஸுக்குக் காசு போதவில்லை, அதைத் தவிர வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

வீடு பண்டாரவளையில். மாதம் ஒரு ஞாயிறு விடியும் முன்பே நண்பனின் வேனில் கிளம்பிவிடுவோம். ஒரு தடவை அப்புத்தளைப் பக்கம், மறு தடவை வெலிமடைப் பக்கம். பத்து மணிக்கு மேல் வெயில் தகரக் கூரைகளில் பட்டுக் கண் கூசும். பின்னேரம் பனிமூட்டம் ஏறிவிடும். ஆக, படம் பிடிக்கக் கிடைப்பது மூன்று மணி நேரம்தான்.

16.2 மெகாபிக்சல் போதுமா என்று கேட்கிறார்கள். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட்டிருக்கிறேன், குறையே தெரியவில்லை. திரை மடங்காது. உருளைக்கிழங்குப் பாத்தியைத் தாழ்வாக எடுக்க வேண்டுமென்றால் சேற்றில் படுக்கத்தான் வேண்டும். பனிமூட்டத்தில் கேமரா ஏமாறும்: வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால், ஒன்று என்று கூட்டி வைத்தால் சரி. ஈரமான தேயிலை இலையின் பளபளப்பைக் குறைக்க 52 மி.மீ. போலரைசர் ஒன்று மாட்டுவேன்.

35 மி.மீ. இந்தக் கேமராவில் ஏறக்குறைய 50 மி.மீ. மாதிரி வேலை செய்யும். கட்டடத்துக்கு அது இடுக்கு. லிப்டன் 1890-ல் கட்டிய தம்பேதென்ன ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, ஒரே படத்தில் அடக்க முடியவில்லை. கொழுந்து வாட்டும் மாடிகளுக்குக் காற்று வேண்டும் என்பதால் வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த நீளக் கட்டடம் அது. பின்னால் நகரலாம் என்றால் வடிகால் கான். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து நாலு துண்டாக எடுத்துப் பிறகு ஒட்டினேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கதை வேறு. அறையைக் காம்பரா என்பார்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி. வாசலில் துணி காயும், அடுப்புப் புகை வரும். வெளியாருக்கு அது பழைய கட்டடம், அங்கே இருப்பவர்களுக்கு வீடு. ஸூம் இருந்திருந்தால் நானும் ரோட்டில் நின்றே களவாக எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இந்த லென்ஸுக்குக் கிட்டப் போக வேண்டும், போனால் கேட்க வேண்டும். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான பணியகணக்கில் ஒரு அக்கா சொன்னார்: “எடுங்க தம்பி, கூர ஒழுகுற எடத்தையும் சேத்து எடுங்க.” எடுத்தேன். அடுத்த முறை பிரிண்ட் கொண்டுபோனபோது, ஒழுகும் இடம் இன்னும் பெரிதாகியிருந்தது.

வெலிமடையில் ஒரே வளைவில் இருந்து ஆறு வருடமாக எடுத்துவருகிறேன். மகாபோகத்தில் நெல் நின்ற அதே வயலில், அறுவடைக்குப் பிறகு மேட்டுப்பாத்தி போட்டு உருளைக்கிழங்கு நடுவார்கள். அடுக்கு வயலின் வரம்பு மட்டும் மாறாது. (வளைவிலேயே வண்டியை நிறுத்தாதீர்கள். பஸ்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்களே தவிர, பிரேக் போட மாட்டார்கள்.)

இனி என் தவறு. இரண்டாம் வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் பெய்தது. பையோடு அலுமாரியில் போட்டு மறந்துவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். கழற்றித் துடைக்கக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு தழும்பு மிச்சம். சூரியனுக்கு நேரே பிடித்தால் மட்டும் வெளிறும். இப்போது ரப்பர் வைத்து மூடும் சாப்பாட்டுப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஐம்பது சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை வறுத்தெடுப்பேன். அம்மா தன் சட்டியைத் தேடுவார், அது தனிக் கதை.

இன்னொன்று: நுவரெலியாக் குளிரில் இருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் உடனே ஆவி படியும். அரை மணி நேரம் மூடியபடியே விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடியுங்கள்.

கேமராவை மாற்றும் எண்ணம் இல்லை. காசு சேர்ந்தால் ஸ்டோர்களுக்காக ஒரு அகல லென்ஸ். அதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு புதுச் சட்டி.