ஞானப்பழமும் உறைகிண்ணமும்: வீவக சமையலறையில் பழ ஐஸ்கிரீம்

மேசைமேல் வைக்கும் சிறிய ஐஸ்கிரீம் எந்திரம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நூறு வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. தானே குளிரூட்டிக்கொள்ளும் வகை அன்று இது. இரட்டைச் சுவர் கொண்ட ஒரு கிண்ணம், அந்தச் சுவர்களுக்கு நடுவே உறையக்கூடிய திரவம், மேலே ஒரு மோட்டார், உள்ளே ஒரு பிளாஸ்டிக் துடுப்பு. கிண்ணத்தை ஒருநாள் முழுக்க ஃபிரீசரில் உறையவிட்டு எடுத்து, குளிர்ந்த கலவையை ஊற்றிக் கடைய வேண்டும். வாங்கிய வாரத்திலேயே எழுதப்பட்ட மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பல பழப் பருவங்களைப் பார்த்துவிட்ட எந்திரம் எப்படி இருக்கிறது, நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு அது ஈடுகொடுக்கிறதா என்று சொல்பவர்கள் குறைவு.

இதை வாங்கத் தூண்டியது ‘திருவிளையாடல்’. ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில், கே. வி. மகாதேவன் இசையில் 1965இல் வந்த படம். எங்கள் வீட்டில் அது வீடியோ கேசட்டாக இருந்தது. பள்ளி விடுமுறை என்றால் பாட்டுகளுக்காகவே திரும்பத் திரும்பப் போடுவோம். பாலமுரளிகிருஷ்ணா பாடி முடித்து டி. எம். சௌந்தரராஜன் தொடங்கும்போது, பெரியவர்களும் கைவேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது படத்தின் தொடக்கம். நாரதர் கொண்டுவரும் கனி, பெற்றோரைச் சுற்றிவந்து அதைப் பெற்றுக்கொள்ளும் பிள்ளையார், மயிலில் உலகைச் சுற்றி வந்தும் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறும் முருகன், ஔவையாராக வந்து அவரைப் பாடித் தணிக்கும் கே. பி. சுந்தராம்பாள். அந்தக் கனியைப் பங்குபோடக் கூடாது என்பதுதானே அந்தக் கதையின் முடிச்சு. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கிடைத்திருக்க வேண்டும் என்று சிறுமியாக இருந்தபோது உண்மையிலேயே ஆதங்கப்பட்டேன். அதனால் எந்திரம் வந்ததும் என் மனத்தில் இரண்டு ஐஸ்கிரீம்கள் உருவாகிவிட்டன. பிள்ளையாருக்கு மாம்பழம், முருகனுக்குப் பழனிப் பஞ்சாமிர்தம். இந்த எந்திரத்தை நான் எடைபோடுவது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

முதலில் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதைப் பொறுத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஃபிரீசரில் இட்லி மாவுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் மீனுக்கும் நடுவே இதற்கு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். இட்ட இடத்தைவிட்டு நகராமல், பின்சுவரை ஒட்டி, நேராக நிற்க வேண்டும். கதவோரத்தில் வைத்தால், வீட்டில் ஆளாளுக்குத் திறந்து மூடும்போது வெப்பம் ஏறி, திரவம் முழுதாக உறையாது. எடுக்குமுன் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே திரவம் அசையும் ஓசை கேட்டால் அன்று கடைவதில்லை. ஃபிரீசர் கழித்தல் 18 பாகையில் இருக்கிறதா என்று பார்க்க மலிவான வெப்பமானி ஒன்று போதும்.

கிண்ணத்தில் உள்ள குளிர் கையிருப்புப் பணம் போன்றது. செலவானால் அன்றைக்கு வேறு வரவு இல்லை. 30 பாகை வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள சமையலறையில் கிண்ணத்தை வெளியே எடுத்த கணத்தில் அதன்மேல் பனி பூக்கிறது. அது முழுவதும் வீணாகும் குளிர். ஆகவே இரவுச் சமையல் முடிந்து அடுப்பின் சூடு தணிந்த பிறகு, குளிர்சாதனம் ஓடும் அறைக்கு எந்திரத்தைக் கொண்டுபோய்க் கடைகிறேன். கலவையை முந்தின இரவே தயாரித்து, ஃபிரிட்ஜில் 4 பாகைக்குக் குளிரவிட்டிருப்பேன். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் மெல்லிய மாவுபோல் திரண்டு வருகிறது. கலவை வெதுவெதுப்பாக இருந்தால் எவ்வளவு நேரம் சுற்றினாலும் பாயசப் பதத்தைத் தாண்டுவதில்லை.

பழ ஐஸ்கிரீமில் நம்மைச் சோதிப்பது தண்ணீர். மாம்பழத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தண்ணீர். பாலிலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்களாகி நாக்கில் நறநறக்கும். வேகமாக, கடைந்துகொண்டே உறையவைத்தால் படிகங்கள் சிறியவையாக நின்றுவிடும். எந்திரத்தின் பயன் அவ்வளவுதான். மீதியைச் சமையலில்தான் சரிசெய்ய வேண்டும். பழத்தின் தண்ணீரைக் குறைக்கலாம். சர்க்கரையைக் கூட்டினால் உறைநிலை இறங்கும். பால்மாவு சேர்த்தால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

மாம்பழத்துக்கு நான் கடைசியாக வந்து நின்ற அளவு இது. அரை கிலோ கூழ். அதில் பாதியை அகலமான வாணலியில் சிறு தீயில் கிளறி நன்றாகச் சுண்டவைக்கிறேன். மறுபாதியைப் பச்சையாகவே விடுகிறேன். முழுவதையும் சுண்டினால் ஜாம் வாசனை வந்துவிடுகிறது, அது எனக்கு ஒப்பவில்லை. பச்சைக் கூழில்தான் பழத்தின் மணம் இருக்கிறது. இதனுடன் 250 மில்லி கொழுப்பு மிக்க கிரீம், 200 மில்லி பால், 90 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி பால்மாவு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. முட்டை இல்லாதது ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

பழம் எது என்பதில்தான் சிங்கப்பூரில் இருப்பதன் கொடுப்பினை தெரிகிறது. ஏப்ரல் பிறந்தால் தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் பெட்டிபெட்டியாக இறங்குகின்றன. தாய்லாந்து மாம்பழம் பேரங்காடிகளில் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கிறது. அல்போன்சா ஐஸ்கிரீமுக்கென்றே பிறந்த பழம். நார் கிடையாது, நிறம் மங்காது, குளிரிலும் மணம் எழும்பும். குளிர் சுவையை அமுக்கிவிடும் என்பதால் சும்மா சாப்பிடும்போது திகட்டும் அளவுக்கு மணமுள்ள பழம்தான் இதற்கு வேண்டும். தாய்லாந்துப் பழம் தட்டில் வைத்துச் சாப்பிட அருமையானது. உறைந்த பிறகு அதன் மென்மையான மணம் காணாமல் போய்விடுகிறது. பருவம் இல்லாத மாதங்களில் 850 கிராம் டின்னில் வரும் அல்போன்சாக் கூழை வாங்குகிறேன். அதில் சர்க்கரை ஏற்கெனவே சேர்ந்திருக்கும், நம் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பஞ்சாமிர்தம். இதற்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஐஸ்கிரீம் செய்யத் தொடங்கிய பிறகு இந்தப் பட்டியலைப் பார்த்தபோது அசந்துபோனேன். பழ ஐஸ்கிரீமுக்கு என்னென்ன வேண்டும் என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தேனோ, அத்தனையும் அதில் ஏற்கெனவே இருந்தன. வாழைப்பழத்தில் உள்ள பெக்டின் கலவைக்கு உடல் கொடுக்கிறது. தேனில் இருப்பவை பெரும்பாலும் குளுக்கோசும் ஃபிரக்டோசும். பேரீச்சையிலும் அவை நிறைய உண்டு. ஒரே எடையில் அவை சாதாரணச் சர்க்கரையைவிட உறைநிலையை ஏறத்தாழ இருமடங்கு இறக்கும். அதனால் பஞ்சாமிர்த ஐஸ்கிரீம் ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடனே கரண்டிக்கு இணங்குகிறது. மாம்பழத்தையோ ஐந்து நிமிடம் வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கெடாமல் இருப்பதற்காகப் பல தலைமுறைகளுக்கு முன்பே கைப்பக்குவத்தில் கண்டடைந்த ஒரு கலவை, எந்திரம் கேட்கும் அளவுகளோடு இப்படிப் பொருந்தி நிற்கிறது. என்னால் இதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பழனியில் சேர்க்கும் மலைவாழை இங்கே எளிதில் அகப்படுவதில்லை. ரஸ்தாளி கிடைத்தால் அது, இல்லாவிட்டால் நன்றாகக் கனிந்த பிசாங் மாஸ் என்னும் சிறு வாழை. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக இருக்கட்டும். 300 கிராம் பஞ்சாமிர்தத்துக்கு 300 மில்லி பால், 250 மில்லி கிரீம். தனியாகச் சர்க்கரை வேண்டாம். நாட்டுச் சர்க்கரை கலந்ததைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சினால் திரிந்துபோக வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே கலக்க வேண்டும். நெய்யை மட்டும் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிரில் அது மணிமணியாக இறுகி மேலண்ணத்தில் ஒட்டும். கற்கண்டையும் பேரீச்சைத் துண்டுகளையும் கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டால் துடுப்பில் சிக்காது, வாயில் தனியாகத் தெரியும்.

தைப்பூசத்தன்று டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்த் திரும்பும் எங்கள் குடும்பத்தில், இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பின் இது ஒரு வழக்கமாகிவிட்டது. இதற்கென்று தனியாகப் பஞ்சாமிர்தம் பிசைகிறோம். கோயில் பிரசாதத்தை எந்திரத்தில் போட எங்கள் அம்மாவுக்கு மனம் வராது, எனக்கும்தான். பெரியத்தைக்குப் பல்கூச்சம், ஐஸ்கிரீம் என்றாலே விலகிப்போவார். இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

மற்றப் பழங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. பச்சையாகப் பாலில் சேர்த்துவிட்டு ஊறவைத்தால் கசக்கும். வேகவைத்துச் சேர்க்கலாம். சீதாப்பழத்தின் உறவான டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) பாலைவிடத் தண்ணீரிலும் சர்க்கரையிலும்தான் நன்றாக வருகிறது, அதன் புளிப்பு அப்படிப்பட்டது. பலாச்சுளையைக் குலா மலாக்கா என்னும் பனைவெல்லம் போன்ற தென்னைவெல்லத்தோடு வதக்கிச் சேர்த்தால் கேரளத்துப் பலாப்பழப் பாயசமான சக்கப்பிரதமன் நினைவுக்கு வரும், கட்டாயம் செய்து பாருங்கள். டுரியானுக்கு எந்திரமே தேவையில்லை. அதன் சதையில் கொழுப்பும் சர்க்கரையும் போதிய அளவு இருப்பதால் உறையவைத்தாலே பாதி ஐஸ்கிரீம். அதன் வாசனை மூடியின் ரப்பர் வளையத்தில் ஏறிவிட்டால் சமையல் சோடாவில் ஊறவைத்தாலும் முழுவதும் போவதில்லை.

தேய்மானம் என்று பார்த்தால், மோட்டார் இன்றும் வாங்கியபோது இருந்தபடியே ஓடுகிறது. ஓசை மட்டும் அதிகம். பிள்ளைகள் தூங்கிய அறைக்குப் பக்கத்தில் கடைய முடியாது. முதலில் தளர்ந்தது துடுப்பு. அதன் ஓரம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கிண்ணச் சுவருக்கும் அதற்கும் இடைவெளி கூடியது. அங்கே தங்கும் கலவை கட்டியாக உறைந்து, வழிக்கும்போது நறநறப்பாக வருகிறது. வாங்கிய கடையில் உதிரிபாகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இணையத்தில் தேடி வரவழைக்க வேண்டியதாயிற்று. ஓர் எளிய பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு அலைச்சல் இருக்கக் கூடாது. இந்த எந்திரத்தின்மேல் எனக்குள்ள ஒரே மனக்குறை அதுதான். கிண்ணத்தின் உட்பூச்சில் கீறல் இல்லை; உலோகக் கரண்டியை உள்ளே விடுவதே இல்லை, மரக்கரண்டிதான். கழுவும்போது அது அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருக்கிறேன். சேமித்து வைக்க உயரமான டப்பாவைவிட அகலமான, ஆழமில்லாத டப்பா நல்லது, சீக்கிரம் உறையும். மேலே ஒரு தாளை ஒட்டினாற்போல் பரப்பி மூடினால் பனி படியாது. அப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் மணம் குன்றுகிறது.

தானே குளிரூட்டும் எந்திரங்கள் பல நூறு வெள்ளி விலையில் கிடைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் கடையலாம், ஃபிரீசரில் இடம் வேண்டாம். வாரந்தோறும் செய்பவர்களுக்கு அது தகும். ஆனால் சமையலறை மேசையில் அது பிடிக்கும் இடத்தில் நம் கிரைண்டரும் மிக்சியும் சேர்ந்தே நின்றுவிடும். மாதம் ஓரிரு தடவை, பண்டிகைக்கு ஒருமுறை என்று செய்யும் வீட்டுக்கு உறைகிண்ணம் போதும் என்பதே என் தீர்மானம். மாம்பழமும் பஞ்சாமிர்தமும் ஒரே நாளில் வேண்டுமானால் கூடுதலாக ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிறர் பயன்படுத்தியதை வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்குமுன் கிண்ணத்தை அறை வெப்பத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே திரவம் தாராளமாக அசைய வேண்டும். அடித்தட்டின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருந்தால் திரவம் கசிகிறது, அதை வாங்க வேண்டாம். துடுப்பின் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்.