இடிபாடு என்ற பெயரில் போன தேக்கு: பழைய வீட்டைச் சீர்படுத்துபவர்கள் கவனத்துக்கு

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் தாத்தா காலத்து வீட்டை இடிக்க மனம் வராமல், கையில் இருக்கும் காசுக்குள் சீர்படுத்திக் குடியேறலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மற்றவர்கள் கேட்டதைவிடக் கணிசமாகக் குறைத்து ஒருவர் வேலைக்கு ஒப்புக்கொள்கிறார் என்றால், குறைத்த தொகையை உங்கள் வீட்டுக் கூரையிலிருந்தே எடுத்துக்கொள்ள அவர் கணக்குப் போட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை.

கும்பகோணத்தை ஒட்டிய கிராமத்தில் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, நடை, கூடம், நடுவில் முற்றம், பின் தாழ்வாரம், கொல்லை. சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. முன்பகுதிக்கு மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போடும் தளம்), முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. அப்பா காலமான பிறகு பூட்டிக் கிடந்தது. திருச்சி அடுக்ககம் போதும், ஊருக்கே போகிறேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். ஆறு லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மூன்று பேரிடம் கேட்டோம். இருவர் 6 லட்சத்து 20,000-ஐ ஒட்டிச் சொன்னார்கள். மூன்றாமவர் 5 லட்சத்து 40,000 என்றார். “சொந்த ஆட்கள், சொந்தச் சாரம், அதனால் கட்டுப்படியாகும்” என்றார். பேச்சில் அத்தனை பணிவு. வீட்டுக்கு வந்தால் அம்மா கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போகமாட்டார்.

ஒப்பந்தத்தை அவரே முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அதில் ஒரு வரி: “பழைய இடிபாடுகள் அனைத்தையும் ஒப்பந்தக்காரர் தம் சொந்தச் செலவில் அப்புறப்படுத்த வேண்டும்.” படித்தால் நமக்குச் சாதகமான வரியாகத்தான் தெரியும். குப்பை அள்ளும் செலவு நமக்கில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பின்னால் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான்.

வேலை தொடங்கியதும் பின் தாழ்வாரத்து விட்டத்தின் ஓரத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று மாவு கொட்டியது. “பார்த்தீர்களா அம்மா, உள்ளே எல்லாம் இப்படித்தான் இருக்கும். அடைமழையில் தலையில் இறங்கிவிடும்” என்றார். அம்மா நடுங்கிப்போனார். தாழ்வாரத்தைப் பிரித்து இரும்புக் குழாய் சட்டம் போட்டு, மேலே தகடு வேய்ந்துவிடலாம் என்று முடிவானது. நாங்கள் திருச்சிக்குத் திரும்பியிருந்த நேரத்தில் ஆறு விட்டம், நான்கு தூண், பூஜை அறை நிலை, பித்தளைக் குமிழ் வைத்த கொல்லைக் கதவு எல்லாம் வெளியேறிவிட்டன. எதிர்வீட்டு அத்தை பிறகு சொன்னார்: “செங்கல்லும் காரையும் டிராக்டரில் போயின. மரம் மட்டும் குட்டி யானை வண்டியில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போனது.” உளுத்துப்போன மரத்துக்குத் தார்ப்பாய் போர்த்துகிறவரை நான் கேள்விப்பட்டதில்லை.

கிணற்றடியில் இரண்டடித் துண்டு ஒன்று மட்டும் தப்பிக் கிடந்தது. தெருக்கோடியில் இருக்கும் வயதான ஆசாரியை அம்மா அழைத்துவந்து காட்டினார். அவர் அதைக் கல்மேல் சாய்த்து இழைப்புளியை ஓட்டினார். ஒரு விரற்கடை அளவுக்கு வெளிறிய மரம் தூளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே தேன் நிறத்தில் ரேகை ஓடிய மரம், தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, தேக்குக்கே உரிய வாடை. “இது வெள்ளை, தங்கச்சி. பூச்சி இதைத்தான் தின்னும். உள்ளே வைரம். இன்னும் இரண்டு தலைமுறைக்கு நின்றிருக்கும்” என்றார். “பிரிக்கும்போதே வந்து சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?” என்று அம்மா கேட்டார். “என்னை யார் கூப்பிட்டார்கள்?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மரக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 12 அடி நீளம், 6 அங்குல அகலம், 8 அங்குலக் கனம் உள்ள ஒரு விட்டம் 4 கன அடி. எங்கள் ஆறு விட்டம் 24 கன அடி. பழைய மரம்தானே என்று கன அடி 3,000 ரூபாய்க்கு மதிப்புப் போட்டாலும் 72,000 ரூபாய். தூணும் நிலையும் பித்தளையும் தனி. மற்றவர்களைவிட அவர் குறைத்தது 80,000. இனி விளக்க வேண்டியதில்லை.

விட்டம் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பார்க்க உளியால் ஓரத்தைத் தட்டுவது வழியே கிடையாது. திருப்புளியை நடுப்பகுதியில் பல இடங்களில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். முக்கியமாகச் சுவருக்குள் சொருகியிருக்கும் முனைகளைப் பார்க்க வேண்டும். ஈரம் அங்கேதான் தங்கும், மரம் முதலில் கெடுவதும் அங்கேதான். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்துவிட்டு ஒட்டுப் போடலாம், கீழே தாங்கல் கொடுக்கலாம். இதற்கு உங்கள் ஒப்பந்தக்காரரோடு தொடர்பில்லாத ஒரு ஆசாரிக்கு அரைநாள் கூலி கொடுத்து அழைப்பது ஒன்றும் பெரிய செலவில்லை.

சுவர் விஷயம் அடுத்த தலைவலி. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. ஒப்பந்தக்காரர் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, ஏதோ நீர்க்காப்பு மருந்து கலந்த சிமென்டை இடுப்பளவுக்குப் பூசினார். மேலே புட்டி, பிரைமர், எமல்ஷன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டியதும் சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம்போல் உப்பி உரிந்தது. இந்த வயதுள்ள வீடுகளில் பெரும்பாலும் அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பட்டை இருக்காது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புக் காரை அதைக் காற்றில் விட்டு உலர்த்திக்கொள்ளும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறி வழி தேடுகிறது. கடுக்காய் ஊறிய நீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புக் காரையை மறுபடி பூசுவதுதான் பரிகாரம் என்கிறார்கள் தெரிந்தவர்கள். அதற்கு முன் சிமென்டைக் கொத்தி எடுக்க வேண்டும். அந்தக் கூலியும் நம் தலையில்தான்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்று பேசியிருந்தோம். வந்து இறங்கியது அதே பூ வேலைப்பாட்டை அச்சிட்ட செராமிக் டைல்ஸ். இதை மட்டும் நல்லவேளை பதிப்பதற்கு முன் நிறுத்திவிட்டோம். புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து வண்ணச் சிமென்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். முதுகு சொரசொரப்பான சிமென்டாக இருக்கும், ஓரத்தில் வண்ணம் தனி அடுக்காகத் தெரியும். முதுகில் வரிவரியாகக் கோடும் கம்பெனி முத்திரையும் இருந்தால் அது தொழிற்சாலைச் சரக்கு.

அதற்குள் 3 லட்சத்து 80,000 ரூபாய் வாங்கியிருந்தார். சிமென்ட் விலை ஏறுகிறது, எம் சாண்ட் லோடுக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. டைல்ஸைத் திருப்பி அனுப்பியதும் ஆட்கள் வரவில்லை. பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. ஒருவழியாகப் பிடித்து மரத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் இடிபாடு என் பொறுப்பு என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றார். காவல் நிலையத்தில் புகாருக்கு ரசீது கொடுத்தார்கள், ஆனால் இது சிவில் விவகாரம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

வக்கீல் சொன்ன வழி நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் அழைத்தும் முதலில் விவரம் கேட்கலாம். எங்களுக்குக் கைகொடுத்தவை வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவுகளும், தம்பி மகள் விளையாட்டாக எடுத்துவைத்திருந்த தாழ்வாரத்துப் புகைப்படங்களும்தான். தூண், விட்டம், கதவு எல்லாம் அவற்றில் தெளிவாக இருக்கின்றன.

மீதி வேலைக்குப் புது ஆள் தேடியபோது ஒப்பந்தத்தை நாங்களே எழுதினோம்: “கழற்றப்படும் மரம், ஓடு, கதவு, இரும்பு, பித்தளை அனைத்தும் வீட்டு உரிமையாளருக்குச் சொந்தம். அவர் எதிரில் எண்ணிக் கொல்லைக் கொட்டகையில் அடுக்க வேண்டும்.” முதலில் வந்த மேஸ்திரி அந்த வரியை இரண்டாம் முறை படித்துவிட்டு, அப்படியானால் இன்னும் 40,000 கூட ஆகும் என்றார். அடுத்து வந்தவர் தொகையை மாற்றவில்லை. கொட்டகைக்குச் சாவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறோம்.