ஜூடோவா, ஜியு-ஜிட்சுவா? டி-சட்டை ஊரில் ஒரு தேர்வு

பதினான்கு வயது மகள் தற்காப்புக் கலை கற்க வேண்டும் என்றதும் வீட்டில் மூன்று பெயர்கள் அடிபட்டன: சிலம்பம், ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு. சிலம்பத்தை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது நம் சொத்து. காலடி வரிசைக்காகவே அவள் அதைக் கற்க வேண்டும். ஆனால் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவன் மணிக்கட்டைப் பற்றி இழுக்கும்போது கையில் கம்பு இருக்காது. பிடிக்குப் பிடிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் ஆளைப் பிடித்து வீழ்த்தி மடக்கும் பிடிச்சண்டைகள். அது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் ஆமூர் மல்லனோடு பொருதும் சோழன் கோப்பெருநற்கிள்ளி ஒரு காலை அவன் மார்பில் ஊன்றுகிறான். ஜியு-ஜிட்சுவில் எதிராளியின் வயிற்றில் முழங்காலை ஊன்றி நிலைத்தால் இன்றும் 2 புள்ளி.

ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் ஒரு தாய் மக்கள். ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கினார். அவர் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசில் சென்றார். அவர் வழியாகப் பிரேசிலின் கிரேசி குடும்பம் கற்று வளர்த்ததே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. 1951இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஜூடோ வீரர் கிமுரா, எலியோ கிரேசியின் கையை முறுக்கிப் பூட்டி வென்றார். தோற்ற தரப்பே அந்தப் பூட்டுக்குக் 'கிமுரா' என்று பெயரிட்டு இன்றும் சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு மிகப் பிடித்த மரியாதை இது.

விதிகள்தாம் இரண்டையும் பிரித்தன. ஜூடோவில் எதிராளி முதுகுபட விழும்படி வலுவோடும் வேகத்தோடும் எறிந்தால் ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவில் வீழ்த்துவதற்கு வெறும் 2 புள்ளி. மேலேறி அமர்ந்தால் 4. அதனால் ஜூடோக்காரர் நிற்பதிலும் ஜியு-ஜிட்சுக்காரர் தரையிலும் கெட்டிக்காரர் ஆகிறார்கள்.

ஜூடோவின் பெரிய கொடை விழக் கற்பது. நான் பல ஆண்டு பயின்றதில் நிஜ வாழ்க்கையில் கைகொடுத்தது அது ஒன்றுதான். மழையில் நனைந்த படிக்கட்டில் கால் வழுக்கியபோது, தாடை தானாக நெஞ்சோடு ஒட்டியது, கை பக்கவாட்டில் தரையை அறைந்தது, தலை அடிபடவில்லை. கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

குறை எங்கே? ஜூடோ பிடி தடித்த மேலங்கியின் காலரையும் சட்டைக்கையையும் நம்பியிருக்கிறது. சிங்கப்பூர் வெயிலில் எல்லாரும் மெல்லிய டி-சட்டையில்தான் திரிகிறோம். இழுத்தால் துணி கிழியும், ஆள் வரமாட்டான். போட்டிகளில் காலைப் பிடித்து வீழ்த்துவதும் தடை செய்யப்பட்டுவிட்டதால், அதற்கான தடுப்பைப் பலர் பழகுவதே இல்லை. ஜியு-ஜிட்சுவில் மேலங்கி இல்லாத வகுப்புகள் தனியாகவே உண்டு: கழுத்தின் பின்புறம், அக்குள், மணிக்கட்டு என்று உடம்பையே பிடிக்கிறார்கள்.

அப்படியொரு வகுப்பில், தன்னைவிட மிகப் பெரிய ஒருவருக்கு அடியில் ஒரு பெண் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் மேலிருந்தவரின் கை ஒன்றைத் தன் மார்போடு அணைத்தார். மேலிருந்தவரின் அதே பக்கத்துக் காலைத் தன் பாதத்தால் மறித்தார். இடுப்பைப் பாலம்போல் உயர்த்திப் புரட்டினார். மேலிருந்தவர் விட்டுக்கொடுக்கவில்லை, முழு பலத்தோடு எதிர்த்தார். என் மகளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அப்பா, எனக்கு இது வேண்டும்" என்றாள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சிமென்ட் தரையில், எதிரே இருவர் இருந்தால், படுத்துச் சண்டையிடுவது தற்கொலைக்குச் சமம். எழுந்து ஓடக் கற்பிக்காத வகுப்பு எனக்கு வேண்டாம்.

சட்டத்தையும் யோசித்தேன். சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையைத் தருகிறது; தேவைக்கு மேற்பட்ட தீங்குக்கு அதில் இடமில்லை. குத்தின் வேகத்தைப் பாதியில் குறைக்க முடியாது. பிடியைத் தளர்த்தலாம், இறுக்கலாம்.

என் முடிவு: மேலங்கி இல்லாத ஜியு-ஜிட்சு வகுப்பு. விழும் பயிற்சியை நானே தருகிறேன். வரவேற்பறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி மெத்தையை விரித்தாகிவிட்டது.