ஏ330-ஆ, 777-ஆ: கைக்குத் தெரியும் வேகம்

ஏர்பஸ் ஏ320-இல் சில வருடங்கள் விமானியாகப் பறந்த பிறகு, பெரிய விமானத்துக்கு மாற எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. அதே ஏர்பஸின் ஏ330 என்றால் பயிற்சிக் காலம் குறைவு, காக்பிட்டும் பழகியதுதான். போயிங் 777 என்றால் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். நான் 777-க்குப் போனேன். ஏ330-ஐச் சிமுலேட்டரில் சில மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறேன். அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

யோக்கா (777-இல் விமானியின் முன்னால் இருக்கும் திருப்புபிடி) சைட்ஸ்டிக்கா (ஏ330-இல் பக்கவாட்டில் இருக்கும் சிறு கைப்பிடி) என்ற சண்டையை விட்டுவிடலாம், கை எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். இரண்டுமே ஃப்ளை-பை-வயர் விமானங்கள்தான், அதாவது விமானியின் கட்டளை கணினி வழியாகத்தான் போகும். எனக்கு முடிவைத் தந்தது ட்ரிம், அதாவது பிடியை அழுத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லாதபடி விமானத்தைச் சமன் செய்து வைப்பது.

ஏ330-இல் சைட்ஸ்டிக்கை விட்டால் விமானம் இருந்த பாதையிலேயே போகும். ட்ரிம்மை அதுவே பார்த்துக்கொள்ளும். சுகமான ஏற்பாடுதான். ஆனால் வேகம் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) குறைந்தாலும் கைக்கு ஒன்றும் தெரியாது, கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். 777-ஐ அப்படிச் செய்யவில்லை. ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறங்குவதையும் இன்ஜின் விசை மாறுவதையும் கணினி ஈடுகட்டிவிடும், வேக மாற்றத்தை மட்டும் வேண்டுமென்றே விமானியிடம் விட்டிருக்கிறார்கள். ட்ரிம் செய்த வேகத்துக்குக் கீழே போனால் மூக்கு தாழப் பார்க்கும், யோக்கை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இரவு முழுவதும் பறந்துவிட்டு விடியற்காலையில் இறங்கும்போது, கண் தவறவிட்டதைக் கை சொல்லிவிடுகிறது.

இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரும் அப்படியே. 777-இல் ஆட்டோத்ராட்டில் என்ற தானியங்கி விசையைக் கூட்டினால் லீவர் கைக்கடியில் நகரும். ஏ330-இல் அது ‘க்ளைம்ப்’ (ஏறுமுகம்) என்ற குறியிலேயே அசையாமல் நிற்கும். அப்புறம், 777-இல் பக்கத்தில் இருப்பவர் யோக்கைத் திருப்பினால் என்னுடையதும் திரும்பும். ஏ330-இன் இரண்டு சைட்ஸ்டிக்குகளுக்கும் அந்த இணைப்பு இல்லை. இருவரும் சேர்ந்து அசைத்தால் இரண்டு கட்டளைகளும் கூட்டப்பட்டு, ஓர் எச்சரிக்கைக் குரல் வரும்.

ஏ330 தெளிவாக முந்துகிற இடமும் உண்டு. மலை எதிரே வந்தால் சைட்ஸ்டிக்கைக் கடைசிவரை இழுத்துவிடலாம், இயல்பு நிலையில் கணினி ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) போகவிடாது. 777 யோக்கைக் கனமாக்கி எச்சரிக்கும், ஆனால் அதை மீறி இழுக்க நம்மால் முடியும். இன்னொன்று நீளம். 777-300ஈஆர் 73.9 மீட்டர், ஏ330-300 63.7 மீட்டர். மேலெழும்பும்போது அவசரமாக மூக்கைத் தூக்கினால் வால் ஓடுபாதையில் உரசும். அந்தப் பயம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஒரு இன்ஜின் நின்றால் ஏ330-இல் ரடர் (வால் சுக்கான்) மிதியை நாமே அழுத்த வேண்டும். 777-இல் டிஏசி என்ற அமைப்பு ரடரைத் தானே திருப்பும். அதிலும் மிதி சேர்ந்தே நகர்வதால், எந்தப் பக்க இன்ஜின் போனது என்பதைக் கால் உடனே அறிந்துகொள்கிறது.