கணினியிலிருந்து இயற்பியலுக்கு: எந்த மேற்படிப்பு?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுநிலைக்கு இரண்டு வழி: பாடவழி, ஆய்வுவழி. கணினிக்காரர்களுக்கு என் ஓட்டு பாடவழிக்கே, கட்டணம் கையைக் கடித்தாலும். அணியும் (matrix) அதன் ஐகன் மதிப்பும் (eigenvalue) அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். ஹைட்ரஜன் அணுவுக்குக் குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கும்போதுதான் பகுதி வகைக்கெழு (partial derivative) காலை வாரும்; அந்தக் குறையைப் பாடங்கள் தீர்க்கும். அதே பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையம் வேறு ரகம்: அங்கே முனைவர் ஆய்வுக்குக் கணினிப் பின்னணியும் செல்லும்.

ஆய்வு வாய்ப்புக் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதுமுன் 32×32 ஐசிங் மாதிரியை (மேல் அல்லது கீழ் நோக்கும் குட்டிக் காந்தங்களை, அதாவது சுழல்களை, சதுரக் கட்டத்தில் அடுக்கிய காந்த மாதிரி) மான்டி கார்லோவில், அதாவது தற்செயல் எண்களைக் கொண்டு கணிக்கும் முறையில், ஓட்டிப் பாருங்கள். அடுத்தடுத்த சுழல்களின் இணைப்பு வலிமை 1 என்றால், அதே அலகில் வெப்பநிலை 2.27-ஐ ஒட்டிக் காந்தமாக்கம் சரிய வேண்டும். ஒவ்வொரு சுழலாகப் புரட்டும் நிரல் அங்கே ஆமையாகிவிடும் (நிரலில் பிழை தேடாதீர்கள்). கொத்துக் கொத்தாகப் புரட்டினால் வேகம் பிடிக்கும். வெப்பநிலைக்கேற்பக் காந்தமாக்கம் சரியும் வரைபடத்தையும் மடலோடு இணையுங்கள்.