டெஸ்க்டாப் சாஃப்ட்வேருக்கு ஆன்லைன் ஹெல்ப் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

எங்களுடையது சின்னக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர், விண்டோஸில் ஓடுவது. எஃப்1 தட்டினால் அந்தந்தத் திரைக்கான விளக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும் என்று ஒரு டாக்குமென்டேஷன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். பெயர் போடவில்லை, ஆனால் இதே வேலையை இன்னும் பலருக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தது ஒரு சிஎச்எம் ஃபைல், அதாவது ஹெல்ப் பக்கங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிய விண்டோஸின் பழைய ஹெல்ப் ஃபைல். வலது பக்கம் தமிழ் அழகாகத் தெரிகிறது, இடது பக்கம் பொருளடக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கேட்டால், "உங்க கஸ்டமர் மெஷின்ல ஃபான்ட் இல்ல சார்" என்றார்கள். ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிஎச்எம் 1997-ல் வந்த சமாச்சாரம், அதன் பொருளடக்கத்துக்கும் இண்டெக்ஸுக்கும் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) தெரியாது, விண்டோஸிலோ தமிழுக்கு யூனிகோடை விட்டால் வேறு வழி கிடையாது. இது தெரியாமல் 'தமிழ் ஹெல்ப்' என்று கொட்டேஷன் போட்டிருந்தால் வேலை தெரியாதவர்கள். தெரிந்தே போட்டிருந்தால், நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, கடையில் இன்னொரு கம்ப்யூட்டரின் ஷேர்டு ஃபோல்டரிலிருந்து திறந்தால் வலது பக்கமும் காலி. 2005-ல் வந்த பாதுகாப்பு அப்டேட்டிலிருந்தே மைக்ரோசாஃப்ட் அதைத் தடுத்து வைத்திருக்கிறது.

சரி, ஆன்லைனாகவே மாற்றித் தருகிறோம் என்று அதற்குத் தனி பில். நிஜமான வில்லங்கம் இங்கேதான். பக்கங்கள் எல்லாம் அவர்கள் டொமைனில், அவர்கள் சர்வரில். எங்கள் புரோகிராமோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்த டிஎல்எல் என்ற துணை ஃபைலுக்குள்ளேயே அந்த முகவரி புதைந்து கிடந்தது. அப்புறம் ஆண்டுக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினார்கள். மறுத்தோம். கொஞ்ச நாளில், ஜிஎஸ்டி திரையில் எஃப்1 தட்டிய கடைக்காரருக்கு அவர்களுடைய விளம்பரப் பக்கம் திறக்கிறது, அவர் எங்களுக்கு ஃபோன் போட்டுத் திட்டுகிறார். சோர்ஸை, அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல்களைக் கேட்டால் ஒப்பந்தத்தில் அவுட்புட் மட்டும்தான் என்று பதில்.

ஆகவே வேலை கொடுக்கும் முன்பே டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். புரோகிராம் உங்கள் முகவரியையும் அந்தத் திரைக்கான ஹெல்ப் பக்கத்தின் தலைப்பு எண்ணையும் மட்டும் கூப்பிட்டால் போதும், அங்கிருந்து எந்த சர்வருக்குத் திருப்புவது என்பது உங்கள் கையில் இருக்கும். நெட் இல்லாத கடைக்கு ஒரு பிரதி இன்ஸ்டாலரோடேயே போகட்டும். டெமோவில் அவர்கள் காட்டும் திரையோடு நிற்காமல் ஒவ்வொரு திரையிலும் நீங்களே எஃப்1 தட்டிப் பாருங்கள், பாதி இடத்தில் முகப்புப் பக்கம்தான் வரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு கையில் சிஎச்எம் மட்டும் இருந்தால் முழுக்க நஷ்டமில்லை. விண்டோஸில் இருக்கும் ஹெச்ஹெச் புரோகிராமை டீகம்பைல் என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் தனித்தனியாக வெளியே வந்துவிடும், நாங்கள் அப்படித்தான் மீட்டோம். ஆனால் எந்தத் திரைக்கு எந்தப் பக்கம் என்ற எண் பட்டியல் அதில் வராது. அதைத் தனி ஃபைலாக வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.